ஆண்கள் பார்க்கக் கூடாத கொழுக்கட்டை

உலகெங்கும் பரந்து வாழும் தமிழ்ப் பெருமக்களுக்கும், அவர்களில் சிறப்பாகப் பிம்ப்ரி, சிஞ்ச்வட், போசரி வட்டாரங்களில் வாழ்ந்து நடப்பாண்டுச் சந்தாவைச் செலுத்தியவர்களுக்கும் இதனால் அறிவிக்கப்படுவது என்னவென்றால்: ஆயிரமாயிரம் ஆண்டுகளாக எந்த ஆண்மகனின் கண்ணும் கண்டிராத, எந்த ஆண்மகனின் நாவும் தீண்டியிராத ஔவையார் நோன்புக் கொழுக்கட்டையின் தோற்றமும் தத்துவமும், ஆடி மாதம் இரண்டாம் ஞாயிறு மாலை, மன்றத் தலைவர் 'பலகாரச் செம்மல்' சோ. தாணுலிங்கம் அவர்களால் உலகுக்கு வெளியிடப்படும். அனைவரும் திரண்டு வருக. தேநீர் உண்டு.

அறிவிப்பை எழுதி ஒட்டியவர் தமிழ் மன்றச் செயலாளர் பத்ரிநாத். காசிமின் மளிகைக் கடை வாசலில் ஒட்டியது மழைச்சாரலில் நனைந்து, மறுநாள் காலை மை கரைந்து, 'தேநீர் உண்டு' என்பது மட்டும் மிஞ்சியது. மன்றத்தின் பழைய உறுப்பினர்களுக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

தாணுலிங்கத்துக்கு ஊர் நாகர்கோவில் பக்கம் தாழக்குடி. மராட்டிய தேசத்துக்கு வந்து, பிம்ப்ரியில் ஒரு மருந்துக் கம்பெனியில் சேர்ந்து, ஷிப்ட் சூப்பர்வைசராகி, ஓய்வும் பெற்றுவிட்டார். ஆன்டிபயாடிக் காய்ச்சுகிற இடத்தில் ஆயுளைக் கழித்த மனிதருக்கு உலகத்தில் உள்ளதெல்லாம் ஆன்டிபயாடிக்காகத் தெரிந்ததில் ஆச்சரியமில்லை. திருவாதிரைக் களியில் வெல்லம் ஏன்? ஆன்டிபயாடிக். கார்த்திகைக் கொழுக்கட்டையைப் பனையோலையில் ஏன் அவிக்கிறோம்? ஓலையின் சாறு ஆன்டிபயாடிக். ஆயுத பூஜைப் பொரியில் என்ன இருக்கிறது என்று ஒரு முறை யாரோ எழுந்து கேட்டதற்கு, "காத்து" என்று உண்மையைச் சொல்லிவிட்டு, ஒரு மிடறு தண்ணீர் குடித்து, "காத்தும் ஒரு வகையில..." என்று அரை மணி நேரம் தொடர்ந்தார். அந்தக் கூட்டத்தில்தான் அவருக்குப் பொன்னாடை போர்த்தி, 'பலகாரச் செம்மல்' என்று பட்டமும் கொடுத்தார்கள். அந்தப் படம் சட்டம் போட்டு அவர் வீட்டு ஹாலில் தொங்கியது. பக்கத்தில் அவர் மனைவி வனஜாவின் படம். அவருடையதைவிடச் சிறியது. மாலை போட்டது.

இப்படி ஊரில் உள்ள பலகாரங்களுக்கெல்லாம் ஜாதகம் கணித்துக் கொடுத்தவருக்குப் பிடிகொடுக்காத பலகாரம் ஒன்றே ஒன்றுதான். அது அவர் வீட்டு அடுக்களையிலேயே வெந்தது.

ஆடியிலும் தையிலும் மாசியிலும் வருகிற செவ்வாய்க்கிழமைகளில் பெண்கள் கூடி ஔவையாருக்கு நோன்பு இருப்பார்கள். பச்சரிசி மாவில் கொழுக்கட்டை அவித்து, விளக்கேற்றி, ஒருத்தி கதை சொல்ல, மற்றவர்கள் கேட்டு, அவித்ததை அங்கேயே தின்று, பாத்திரம் கழுவிய தண்ணீரைக்கூட ஆண்கள் மிதிக்காத இடத்தில் கொட்டிவிட்டு எழுந்திருப்பார்கள். ஆண் பார்க்கக் கூடாது, தின்னக் கூடாது, கதையைக் கேட்கவும் கூடாது. ஊரில் இதை ஆண்கள் உறங்கிய பிறகு செய்வார்கள். பிம்ப்ரியில் ஆண்கள் உறங்குவதற்கு நேரம் காலம் கிடையாது. ஒருவன் வேலைக்குக் கிளம்புகிறபோது இன்னொருவன் வந்து படுப்பான். ஆகவே இங்கே ஔவையாரையும் ஷிப்டில் போட்டுவிட்டார்கள். பட்டப்பகலில், ஆண்கள் கம்பெனிக்குள் இருக்கும்போது நோன்பு.

கதை முழுசாகத் தெரிந்தவள் வனஜா. அதனால் நோன்பு அவள் வீட்டில். அன்றைக்கென்று தாணுலிங்கத்துக்கு ராத்திரி ஷிப்ட் முடிந்து வீட்டில் இருக்கிற நாளாக அமைந்துவிட்டால், வனஜா முந்தானையை இடுப்பில் சொருகிக்கொண்டு அவர் தலைமாட்டில் வந்து நிற்பாள்.

"எந்திரிங்க. ஆளுவ வாறா. ஆம்பிள வாடையே இருக்கப்பிடாது. செருப்பையும் தூக்கிட்டுப் போவணும்."

"எனக்க வீட்ட விட்டு நான் எங்க போவேன்?"

"காசிமுக்க கடையில போயி இரியும். அவருக்கும் பேச்சுக்கு ஆளில்ல."

சொந்த வீட்டிலிருந்து துரத்தப்பட்டு, காசிம் கடையில் தேங்காய் மூட்டை மேல் உட்கார்ந்து, பெண்களின் மூடநம்பிக்கையைப் பற்றியும், சொந்தமாக வீடு வாங்கிய ஒருவனின் உரிமைகளைப் பற்றியும் அவர் ஆற்றிய உரைகள் மன்றத்தில் ஆற்றியவற்றைவிடத் தரமானவை என்பது காசிமின் கருத்து.

வனஜா போன வருஷம் வைகாசியில் இறந்துபோனாள். அடுத்து வந்த ஆடிச் செவ்வாயில் தாணுலிங்கம் விடிந்ததும் குளித்தார். வேட்டி மாற்றினார். செருப்பைக் காலில் மாட்டிக் குடையை எடுத்தபோதுதான், வெளியே போகச் சொல்ல யாரும் இல்லை என்பது தெரிந்தது. கீழ் வீட்டில், சந்திரிகா வீட்டில், பெண்களின் சிரிப்புச் சத்தம் கேட்டது. அவராகவே இறங்கிக் காசிம் கடைக்குப் போனார்.

"என்னவே, இன்னைக்கு யாரு விரட்டினா?" என்று கேட்டுவிட்டுக் காசிம் நாக்கைக் கடித்துக்கொண்டார். தாணுலிங்கம் மூட்டை மேல் உட்கார்ந்தார். அன்றைக்கு உரை கிடையாது.

அதிலிருந்து ஒரு வருஷமாக அவர் வீட்டு வாசல் மணியை அடிப்பவன் டப்பாக்காரன் ஒருவன்தான். மராட்டி அம்மாள் ஒருத்தியின் மெஸ்ஸிலிருந்து மதியம் நாலு அடுக்கு டப்பா வரும். சப்பாத்தி, பருப்பு, ஒரு காய்கறிப் பாஜி, சோறு. ராத்திரிக்கும் அதிலேயே மிச்சம். மகன் சுனில் ஊரின் இன்னொரு மூலையில், ஔந்தில், பெரிய பிளாட்டில் இருந்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்வான். "அப்பா, சாப்ட்டாச்சா? மழை லை இருக்கா அங்க?" என்பான். 'லை' என்றால் மராட்டியில் நிறைய. அதற்கு மேல் தமிழ் வராது. வந்தாலும் விஷயம் வராது.

இந்த நிலையில்தான் பத்ரிநாத் வந்து, "சார், ஆடி மாசக் கூட்டத்துக்கு ஏதாவது சிறப்பா" என்று தலையைச் சொறிந்தபோது, தாணுலிங்கத்தின் வாயிலிருந்து ஔவையார் கொழுக்கட்டை என்று வந்துவிட்டது. ஏன் வந்தது என்று அவருக்கே விளங்கவில்லை. யாராவது சண்டைக்காவது வருவார்கள் என்று நினைத்திருக்கலாம்.

வந்தார்கள்.

கதவைத் திறந்தால் சந்திரிகா நின்றாள், பக்கத்தில் தோவாளைக்காரி. தோவாளைக்காரிக்குப் பெயர் இருந்தது, யாரும் சொல்வதில்லை. இருவர் சேலையிலும் மழை ஈரம். ஆடி மாதத்தில் பிம்ப்ரியில் எந்தத் துணியும் முழுசாகக் காய்வதில்லை.

"அண்ணாச்சி, ஒரு காரியம்" என்றாள் சந்திரிகா. "கேக்கவும் கூச்சமாட்டு இருக்கு. கேக்காமலும் முடியாது."

"நோட்டீஸ் விஷயம்னா நான் ஆராய்ச்சியாளன்ங்கிற முறையில..."

"அது கெடக்கட்டும், அதுக்குப் பொறவு வாறேன். நோன்பு கும்பிட எடமில்ல அண்ணாச்சி. எந்த வீட்டிலயும் ஆம்பிள ஒழிய மாட்டேங்கு."

கம்பெனிகளெல்லாம் அந்த வருஷம் வி.ஆர்.எஸ். என்று விருப்ப ஓய்வு கொடுத்து ஆட்களை வீட்டுக்கு அனுப்பியிருந்தன. ஔவையாருக்குச் சௌகரியம் செய்துகொடுத்த ஷிப்ட்டே இல்லாமல் போய்விட்டது. ஆண்கள் பகல் முழுக்க லுங்கியோடு வீட்டில் கிடந்தார்கள்.

"எங்க வீட்டு ஆளு உக்காந்து உக்காந்து சோபாவுல ஒரு குழி விழுந்து போச்சு" என்றாள் சந்திரிகா. "செத்த நேரம் வெளிய போயிட்டு வாங்கன்னா, மேட்ச் நடக்குங்காரு. எவன் எவன்கூட ஆடுகான்னு கேட்டா அதுவும் தெரியல்ல."

"எனக்க வீட்டுல மாமனாரும் உண்டு" என்றாள் தோவாளைக்காரி. "அவரு வெளிய போகணும்னா நாலு பேரு தூக்கணும்."

"எதுத்த வீட்டு எஸ்தர் இருக்காளே? மாப்பிள்ள மஸ்கட்டுல. வீடு ஒழிஞ்சுதானே கெடக்கு?" என்று கேட்டார் தாணுலிங்கம்.

"அவ தங்கமான பிள்ள, சாவியையே தூக்கித் தந்துட்டா. ஹால்ல பெருசா யேசு படம் மாட்டியிருக்கால்லா. இவ சொல்லுகா, அவரும் ஆம்பிளதானேன்னு" என்று சந்திரிகா தோவாளைக்காரியைக் காட்டினாள்.

"பின்ன இல்லியா?" என்றாள் தோவாளைக்காரி.

தாணுலிங்கம் இது பற்றி விரிவாகப் பேச வாயைத் திறந்தார். சந்திரிகா விடவில்லை.

"உங்க வீட்டுலன்னா ஆம்பிள ஒருத்தருதான். எறக்கி விடுகதும் லேசு."

பொன்னாடை போர்த்திய அன்றுகூட அவருக்கு இவ்வளவு பெருமையாக இருந்ததில்லை. அதைக் காட்டிக்கொள்ளாமல், "யோசிச்சுச் சொல்லுகேன்" என்றார்.

"இதுல யோசிக்கதுக்கு என்ன இருக்கு? எந்திரிக்கணும், செருப்ப மாட்டணும், எறங்கணும்."

"குடையும் வேணும்லா" என்றார்.

சந்திரிகா சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தினாள். "இனி நோட்டீஸுக்கு வாறேன். ஒளிஞ்சோ மறைஞ்சோ பாத்து, கேட்டு, ஞாயித்துக்கிழமை மைக்குல சொன்னிய, அதோட தீந்தது. எங்க ஆளு ஒருத்தி இந்தப் படி ஏற மாட்டா. வனஜா மைனி இருந்தா ஒங்க பொன்னாடைய எடுத்து அடுக்களையில பிடிதுணியாக்கியிருப்பா."

"எனக்குத் தெரியாதா சந்திரிகா?"

"தெரிஞ்சா சரி."

செவ்வாய்க்கு முன் அவர் அடுக்களையைக் கழுவினார். ஒரு வருஷமாக அங்கே நடந்ததெல்லாம் சாயா போடுவதும் டப்பா கழுவுவதும்தான். பரணிலிருந்து வனஜாவின் இட்டிலிக் கொப்பரையை இறக்கித் துடைத்தார். தீப்பெட்டியைப் புதிதாக வைத்தார். சுவரில் பூத்திருந்த பூஞ்சணத்தை ஈரத்துணியால் துடைத்தார். அது ஆன்டிபயாடிக்கின் தாய் என்று கூட்டங்களில் கைதட்டல் வாங்கியிருக்கிறார். அன்றைக்கு அது வெறும் அழுக்காகத் தெரிந்தது.

செவ்வாய் காலை பெண்கள் ஐந்து பேர் ஏறி வந்தார்கள். ஈரச் சேலைகளின் வாசனை, தலையில் வைத்த பூ வாசனை, கையில் மூடிய பாத்திரங்கள். ஒருத்தி இடுப்பில் தேங்காய்.

"இன்னும் நிக்கியளா? எறங்குங்க அண்ணாச்சி!"

"எறங்கியாச்சு, எறங்கியாச்சு."

"செருப்பு?"

"கால்லதான் கெடக்கு."

"அந்த இன்னொரு சோடி? கட்டிலுக்கு அடியில கெடக்கே, அது ஆம்பிளச் செருப்பு இல்லியா?"

அந்தப் பழைய செருப்பையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு இறங்கினார். எதிர் வீட்டு வாசலில் ஆஸ்பத்திரி டியூட்டிக்குக் கிளம்பிய எஸ்தர் வெள்ளை யூனிபாரத்தோடு பூட்டைப் பூட்டிக்கொண்டிருந்தாள்.

"அண்ணாச்சி, வீட்ட விட்டு வெரட்டினா இவ்வளவு சந்தோஷமா போற ஆள இப்பத்தான் பாக்கேன்."

"சந்தோஷம் என்ன சந்தோஷம்? அக்கிரமம். காலங்காலமா நடக்கப்பட்ட அக்கிரமம்" என்று சொல்லிக்கொண்டே இரண்டிரண்டு படியாக இறங்கினார்.

காசிம் கடை ரயில்வே கேட்டுக்குப் போகிற சாலையில் இருந்தது. அப்பளம், நல்லெண்ணெய், காயப்பொடி, குண்டு மிளகாய், செவ்வாய் வெள்ளிக்கு வாழை இலை. காசிமுக்கு ஊர் திருவிதாங்கோடு. இரண்டு பேருக்கும் இடையில் ஒரு தேங்காய் மூட்டையும் இருபத்தைந்து வருஷப் பழக்கமும் இருந்தன.

"வாரும்வே. மொகத்துல வெளிச்சம் தெரியுதே, என்ன விஷயம்?"

"வெரட்டி விட்டுட்டாளுவ."

"யாரு?"

"எல்லாவளும். அஞ்சு பேரு சேந்து. பழைய செருப்பக்கூட விடல்ல, பாத்துக்கிடும்." பையைத் திறந்து காட்டினார்.

காசிம் செருப்பைப் பார்த்தார். அவரைப் பார்த்தார். "அல்லாவே, இதக் கொண்டாந்து பெருமையாட்டு காட்டுகீரு."

"பெருமையா? அக்கிரமம்வே! வீட்டு வரி நான் கெட்டுகேன். கரண்டு நான் கெட்டுகேன்."

"ஆரம்பிச்சாச்சு" என்று காசிம் இரண்டு சாயாவுக்குக் குரல் கொடுத்தார். "நல்லாத்தான் இருக்கு. ஒரு வருஷமா நீரு இந்த மூட்டையில வந்து உக்காந்தா தேங்காயே சங்கடப்படும். சரி, ஞாயித்துக்கிழம என்ன சொல்லப் போறீரு? வாசல்ல ஒட்டியிருக்கானே."

"ஆராய்ச்சி பண்ணித்தான் சொல்லணும்."

"உள்ள நடக்கத நீரு வெளிய உக்காந்து எப்படிவே ஆராய்வீரு?"

"ஊகந்தான். அரிசி மாவு, ஆவி... ஆவியில கிருமி சாகும்..."

"ஆன்டிபயாடிக்" என்று காசிம் முடித்து வைத்தார். "எங்க நோம்புக் கஞ்சிக்கும் நீரு அதத்தான் சொன்னீரு. நான் எங்க பள்ளிவாசல் மோதினார்ட்ட கேட்டேன். அவரு சொன்னாரு, நாள் முழுக்கப் பட்டினி கெடந்தவனுக்கு எளக்கமா ஏதாவது ஊத்தணும், அதான் கஞ்சின்னு. அவ்வளவுதான்வே. பசிக்கு."

"அது பாமர விளக்கம்."

"ஆமா. பசிக்கப்பட்டவனெல்லாம் பாமரன்."

மழை வலுத்தது. சாலையில் பஸ் ஒன்று சேற்றை வாரி அடித்துக்கொண்டு போனது. இரண்டாவது சாயாவும் குடித்தாயிற்று. தாணுலிங்கம் உரையை நீட்டிக்கொண்டே போனார். உண்மையில் அவர் காது அங்கே இல்லை. வீட்டில் இப்போது அடுப்பு எரியும். கொப்பரையின் மூடி தடதடக்கும். ஹாலில் ஆட்கள் இருப்பார்கள். அந்த நினைப்பே அவருக்குப் போதுமானதாக இருந்தது.

அவர் திரும்பி வந்தபோது பெண்கள் போய்விட்டிருந்தார்கள். சாவி பூந்தொட்டிக்கு அடியில். வீடு முழுக்க வெந்த அரிசிமாவின் வாசனை. அதில் கொஞ்சம் தேங்காய், கொஞ்சம் விளக்கெண்ணெய்ப் புகை. அடுக்களையில் ஒரு துளி மாவு கிடையாது. தரையில் ஒரு துளி தண்ணீர் கிடையாது. ஹாலில் அவருடைய பொன்னாடைப் படம் சுவரைப் பார்த்துத் திருப்பி மாட்டப்பட்டிருந்தது. ஆண் பார்க்கக் கூடாதே. அவர் தனியாக நின்று சத்தமாகச் சிரித்தார்.

பிறகுதான் பார்த்தார். வனஜா படத்துக்குப் புதுப் பூ வைத்திருந்தது. படத்துக்குக் கீழே அலமாரித் தட்டில் ஒரு சின்னக் கிண்ணி, வாழை இலைத் துண்டால் மூடி. மைனியின் பங்கு என்று யாரோ எடுத்து வைத்திருக்கிறார்கள். கிளம்புகிற அவசரத்தில் அடுத்தவள் எடுத்துக்கொள்வாள் என்று ஒவ்வொருத்தியும் நினைத்திருக்கிறாள்.

இலையை விலக்கினார். ஒரே ஒரு கொழுக்கட்டை. அதன் வடிவம் இங்கே எழுதுவதற்கில்லை.

உடனே கீழே கொண்டுபோய்க் கொடுத்துவிட வேண்டும் என்று கிண்ணியைக் கையில் எடுத்தார். வாசல் வரை போனார். அங்கேயே நின்றார். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் நினைவுக்கு வந்திருந்தால் ஒருவேளை அவர் கீழே இறங்கியிருப்பார். வந்தது வேறு நினைவு. வனஜா இந்த வீட்டில் தின்ற சோறு, பட்ட சீக்கு, போட்ட சண்டை எல்லாவற்றிலும் அவருக்குப் பங்கு இருந்தது. கடைசியில் ஆஸ்பத்திரியில் அவள் பாதி குடித்து வைத்த பார்லித் தண்ணீரைக்கூட அவர்தான் குடித்தார். இந்த ஒன்றில் மட்டும் அவர் கிடையாது. கதவுக்கு அந்தப் பக்கம் அவள் என்ன தின்றாள், என்ன சொன்னாள், எதற்கு அவ்வளவு சிரித்தாள் என்று அவருக்குத் தெரியாது. கதை சொன்னவளும் இப்போது இல்லை.

வாயில் போட்டார்.

மென்றார். மறுபடியும் மென்றார். சப்பென்றிருந்தது. அரிசியும் தேங்காய்த் துண்டும் தவிர ஒன்றும் இல்லை. அவர் அடுக்களைக்குள் போய் உப்பு ஜாடியைத் திறந்தார். மழைக்கால ஈரத்தில் உப்பெல்லாம் கசிந்து, அடியில் ஒரு கரண்டி அழுக்குத் தண்ணீர் கிடந்தது.

அவருக்கு உடம்பு கூசிவிட்டது. பொம்பளை இல்லாத வீடு. அஞ்சு பேர் நம்பி வந்திருக்கிறார்கள். உப்பில்லை. கேட்டால் மனசு சங்கடப்படுமே என்று ஒருத்தியும் கேட்கவில்லை. கீழே போய் ஒரு பிடி எடுத்து வரவும் இல்லை. உப்பில்லாமலே அவித்து, உப்பில்லாமலே தின்று, அடுக்களையையும் கழுவிவிட்டுப் போயிருக்கிறார்கள். ஔவையாருக்கே உப்பில்லாமல் போட்ட வீடு என்று ஆகிவிட்டது. கிண்ணியைக் கழுவித் துடைத்து, யார் கண்ணிலும் படாமல் சந்திரிகா வீட்டு வாசற்படியில் வைத்துவிட்டு வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மன்றத்தில் கூட்டம் அலைமோதியது. அதாவது நாற்காலிகள் முக்கால்வாசி நிரம்பின. 'தேநீர் உண்டு' வேலை செய்திருந்தது. கடைசி வரிசையில் சந்திரிகாவும் தோவாளைக்காரியும் மற்றவர்களும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பத்ரிநாத் மைக்கைப் பிடித்து, வரலாற்றின் இருண்ட பக்கங்களில் செம்மல் அவர்கள் இன்று ஒளி பாய்ச்சப் போகிறார் என்றார். கரண்டு போய் வந்தது.

தாணுலிங்கம் எழுந்தார். தண்ணீர் குடித்தார். கடைசி வரிசையைப் பார்த்தார்.

"ஔவையார் நோன்புக் கொழுக்கட்டையப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது" என்றார். "அது பொம்பளையளுக்குள்ளது. அவங்க சொல்லணும்னா அவங்க சொல்லட்டும். நான் சொல்லுகதுக்கு ஒண்ணுமில்ல."

உட்கார்ந்துவிட்டார்.

மன்ற வரலாற்றிலேயே மிகச் சிறிய உரை அது. கைதட்டல் மட்டும் வழக்கத்தைவிட நீண்டது. தேநீர் சீக்கிரம் வரும் என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம். பத்ரிநாத் காதருகே வந்து, "சார், என்ன சார் இது, எழுதி ஒட்டியிருக்கேன்" என்று அழாத குறையாகச் சொன்னார்.

"மழையில அழிஞ்சு போச்சுல்லா" என்றார் தாணுலிங்கம்.

வீட்டு மாடிப்படியில் சந்திரிகா காத்துக்கொண்டு நின்றாள். "அண்ணாச்சி, தப்பா நெனச்சுட்டேன். ஒங்களுக்குப் பேசாம இருக்கவும் தெரியுது, கேட்டியளா. வாற செவ்வாயும் இங்கதான். இனி எல்லா நோன்பும் இங்கதான்னு எல்லாருமாட்டு முடிவு பண்ணியாச்சு. நேரத்தே எறங்கீரணும்."

"எனக்க வீட்ட விட்டு நான் ஏன்..."

"ஆமா, ஆமா. எறங்கீரணும்."

அன்று ராத்திரி சுனில் போன் செய்தான். "அப்பா, டியூஸ்டே நான் ஆப் எடுக்கறேன். இங்க வாங்க. ப்ரீதியும் சொல்றா."

"செவ்வாய்க்கிழம முடியாது. வேல இருக்கு."

"க்யா வேலை?"

"வீட்ட விட்டு வெளிய போகணும்."

"அப்பா, உங்களுக்கு உடம்பு, தபியத், டீக் தானே?"

திங்கட்கிழமை காசிம் கடையில் தூள் உப்பு இரண்டு பாக்கெட்டும் கல் உப்பு ஒரு பாக்கெட்டும் வாங்கினார்.

"டப்பா சாப்பிடுகவருக்கு எதுக்குவே இவ்வளவு உப்பு?"

"வீட்டுக்கு ஆளு வாறாங்கள்லா."

அதற்கு மேல் காசிம் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவருக்கும் ஒன்றும் தெரிந்திருக்காது, அவரும் ஆம்பிளை. தாணுலிங்கம் வனஜாவின் பீங்கான் ஜாடியைக் கழுவி, அடுப்பில் காட்டிக் காயவைத்து, உப்பைத் தளும்பத் தளும்பக் கொட்டினார். உள்ளே ஒரு மரக்கரண்டி. ஈரம் இழுக்காமல் இருக்க மேலே ஒரு துணி. அடுப்புக்கு வலப்புறம், கை எட்டுகிற இடத்தில், வந்ததும் கண்ணில் படுகிற மாதிரி வைத்தார். கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தார். பொம்பளை இருக்கிற வீடு மாதிரி இருந்தது.

செவ்வாய்க்கிழமை அவரை விரட்டினார்கள். இரண்டு சோடிச் செருப்பையும் அவரே முன்கூட்டிப் பையில் போட்டு வைத்திருந்தார். காசிம் கடையில் அன்றைக்கு ஆற்றிய உரை, ஆண்களின் உரிமை வரிசையில் தலைசிறந்தது. திரும்புகிற வழியில், வருகிறவர்களுக்கு உட்கார ஒரு பாய் வாங்கினால் என்ன என்று தோன்றியது.

மாடியில் அவர் வீட்டு வாசலில் சந்திரிகா மட்டும் நின்றாள். கையில் சாவி. கதவு சாத்தியிருந்தது. மாவு வெந்த வாசனை இல்லை.

"நேரத்தே முடிஞ்சுட்டா?" என்றார்.

"அண்ணாச்சி, அடுக்களையில உப்பு வாங்கி வச்சிருக்கிய."

"ஆமா. போன தடவ இல்லாமப் போச்சு, பாவம் நீங்க..."

தன் வாயிலிருந்து வந்ததைத் தானே கேட்டுக்கொண்டு நின்றார். சந்திரிகாவும் அதைக் கேட்டுக்கொண்டு நின்றாள்.

"அந்தக் கொழுக்கட்டையில உப்பு சேக்கப்பிடாது" என்றாள் அவள். கோபமாகச் சொல்லவில்லை. "உப்பில்லாம அவிச்சு, உப்பில்லாம திங்கதுதான் நோன்பு. வேற ஒண்ணும் இல்ல. மைனி இத்தன வருஷம் கூட இருந்தும் ஒங்ககிட்ட வாய் தெறக்கல்ல, பாத்தியளா."

"படத்துக்கு முன்னால ஒண்ணு இருந்துது. நான் கீழ கொண்டாரணும்னுதான்..."

"வாசல்ல கிண்ணி இருந்ததப் பாத்தேன். எவளோ ஒருத்தி எடுத்துத் தின்னுட்டுக் கழுவி வச்சிருக்கான்னு நெனச்சேன். ஒங்க மேல எனக்கு ஒரு நெனப்பும் வரல்ல." சாவியைக் கை மாற்றிக்கொண்டு, "எங்க பேர்லயும் தப்பு உண்டு. வச்சத எடுக்க மறந்துட்டோம்" என்றாள்.

"நான் மைக்குல ஒண்ணும் சொல்லல்ல சந்திரிகா."

"சொல்லல்ல. அது எல்லாருக்கும் தெரியும். ஆனா தின்ன வீட்டுல பொறவு கும்பிடப்பிடாது அண்ணாச்சி. அது நான் வச்ச சட்டம் இல்ல."

சாவியை அவர் கையில் வைத்தாள். எதிரே எஸ்தர் வீட்டுக் கதவு கொஞ்சமாகத் திறந்து, தோவாளைக்காரி எட்டிப் பார்த்து, "யேசு படத்து மேல துண்டு போட்டாச்சு, எஸ்தரே போட்டுத் தந்துட்டா, வா" என்றாள். அவரைப் பார்த்ததும் கதவு மூடிக்கொண்டது. சந்திரிகா உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் கொப்பரை வைக்கிற சத்தம் கேட்டது. யாரோ என்னவோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள்.

தாணுலிங்கம் வீட்டுக்குள் போய் உட்கார்ந்தார். அவருடைய படத்தை இன்றைக்கு யாரும் திருப்பவில்லை. பொன்னாடையோடு அது அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. எழுந்து போய் அவரே அதைச் சுவர்ப் பக்கம் திருப்பி மாட்டினார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை காலை குளித்து, வேட்டி மாற்றி, செருப்பை மாட்டி, குடையை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எதிர் வீட்டுக்கு ஆட்கள் ஏறி வருகிற சத்தம் கேட்டது. இந்தப் பக்கம் யாரும் வரவில்லை. மதியம் மணி அடித்தது; எழுந்து வேகமாகப் போய்த் திறந்தார்.

டப்பா. பருப்பில் உப்பு கூடுதல்.